கடல் இல்லாத ஊரில் பேரிடர் மேலாண்மை: கொடிவேரி மாணவியின் கேள்விக்கு ஒரு பதில்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கொடிவேரிப் பக்கத்திலிருந்து, வேதியியல் இளநிலை இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பேரிடர் மேலாண்மையை வாழ்நாள் தொழிலாகக் கொள்ள முடியுமா, அதற்கு எதைப் படிக்க வேண்டும், பெண்களுக்கு அதில் இடம் உண்டா என்பவை அவை. கூடவே, “நம்மூர்ல கடலா இருக்குது, புயலா அடிக்குது, அதைப் படிச்சு என்ன கண்ணு பண்றது?” என்று அப்பா கேட்பதாகவும், அதற்குத் தம்மிடம் பதில் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். நான் வருவாய்த் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவன். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கழிந்தன. ஓய்வுக்குப் பிறகு பெருந்துறை, திருப்பூர் பக்கத்து ஆலைகளில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்து வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அம்மணி. மற்ற மூன்றுக்கும் உரிய விடை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் கொங்கு நாட்டில் மழை குறைவு என்பது உண்மை. ஆனால் நம் ஆறுகளுக்கு அந்த மறைவு கிடையாது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் கூடுதலாக மழை கொட்டியது. கோவை நகரில் ஓராண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையைவிட அது அதிகம். அவலாஞ்சியில் விழுந்த நீர் குந்தா ஆற்றின் வழியாகப் பில்லூர் அணைக்கு வருகிறது. பில்லூரின் முழு உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டுவிட்டால் வருகிற நீரை அப்படியே பவானியில் திறந்துவிடுவது வழக்கம். அதன் பிறகு மேட்டுப்பாளையம், பவானிசாகர், உங்கள் கொடிவேரி, கடைசியில் பவானி காவிரியோடு சேரும் கூடுதுறை. மேட்டுப்பாளையத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறத் தொடங்கும். துவைகல்லில் துணி துவைப்பவருக்கு வானம் எந்த எச்சரிக்கையும் தராது. காவிரியும் அப்படித்தான். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டபோது, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த நீரில் பெரும்பகுதி கர்நாடகத்தில் பெய்த மழை.

ஆற்றோடு முடிந்துவிடவில்லை. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய கல் மதில் ஒன்று சரிந்து வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 2009 நவம்பரில், நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 நவம்பரில் திருப்பூரில் ஓடைகள் பெருக்கெடுத்து, கரையை ஒட்டிய குடியிருப்புகளை வாரிக்கொண்டு போயின. 2025 சனவரி 3-ஆம் நாள் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு ஏற்றிய டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. சுற்றிலும் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தனர், ஓர் உயிர்கூடப் போகவில்லை. தென்னிந்தியாவின் எரிவாயு டேங்கர் லாரித் தொழிலுக்கு நாமக்கல்தான் தலைநகர் என்பதை நினைத்துக்கொண்டால், இது எங்கோ நடந்த செய்தியாகத் தோன்றாது. இன்னொன்றையும் சொல்கிறேன், பலர் இதை நம்புவதில்லை: 1900 பிப்ரவரி 8-ஆம் நாள் கோவை வட்டாரத்தில் ஏறத்தாழ 6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது, தென்னிந்தியாவில் பதிவானவற்றுள் பெரிய நிலநடுக்கங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் பதில், கடலோர மாவட்டத்து மக்களுக்குப் புயல் வரும் என்று தெரியும், நமக்கு எது வரும் என்றே தெரியாமல் இருக்கிறோம், அதனால்தான் இங்கே அந்த வேலைக்கு ஆள் தேவை என்பதுதான்.

இப்போது வேலையைப் பற்றி. தொலைக்காட்சியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கி வருகிறவரைப் பார்த்து இத்துறைக்கு வர விரும்புகிறவர்களே அதிகம். அது மேலான பணிதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இத்துறையில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி மழை இல்லாத மாதங்களில், மேசையிலும் வாய்க்கால் கரையிலும், யாரும் பார்க்காதபோது நடக்கிறது. நான் செய்த வேலையில் ஒன்றைச் சொன்னால் விளங்கும். எங்கள் பிரிவில் ஒரு நீண்ட பேரேடு உண்டு. மண் அள்ளும் ஜேசிபி வைத்திருப்போர், மரம் அறுக்கும் இயந்திரம் வைத்திருப்போர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவோர், பரிசல்காரர், கல்யாண மண்டபப் பொறுப்பாளர், பாம்பு பிடிப்போர் என ஊர்வாரியாகப் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். நான் அந்தப் பிரிவுக்குப் போன முதல் ஆண்டு, அந்தப் பேரேட்டைத் தட்டச்சு செய்து, அட்டை போட்டு, ஆட்சியர் மேசையில் வைத்துப் பாராட்டும் வாங்கினேன். ஐப்பசி மழையில் ஒரு நள்ளிரவு, சாலையின் குறுக்கே மண் சரிந்து ஆம்புலன்ஸ் ஒன்று சிக்கிக்கொண்டது. பேரேட்டைப் பார்த்து, அந்த ஊரின் ஒரே ஜேசிபி உரிமையாளரை அழைத்தேன். எடுத்தது அவர் மனைவி. “அவரு தவறி ரெண்டு வருசமாச்சுங்களே” என்றார். அந்த அம்மாள் அழவில்லை. அதே மூச்சில், வண்டியை வாங்கிக்கொண்ட மைத்துனரின் எண்ணைத் தேடிச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் வழி திறந்தது. அன்று முதல் அந்தப் பேரேட்டில் “கடைசியாகப் பேசிய நாள்” என்று ஒரு பத்தியைச் சேர்த்து, சித்திரையில் ஒரு முறையும் புரட்டாசியில் ஒரு முறையும் ஒவ்வொருவரோடும் நானே பேசினேன். பேரிடர் மேலாண்மை என்றால் என்ன என்று என்னிடம் யார் கேட்டாலும் அந்தப் பத்தியைத்தான் காட்டுவேன்.

இந்த மாதிரி வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சிலருக்கு இதில் மனம் ஒட்டுவதில்லை. ஒடிசாவை எண்ணிப் பாருங்கள். 1999-இல் அடித்த பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் பைலின் புயல் வந்தபோது, கரையோரத்திலிருந்து பல லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் புகலிடக் கட்டடங்களைக் கட்டியவர்கள், வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தவர்கள், ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தியவர்கள் எவருடைய படமும் நாளிதழில் வந்ததில்லை. அவர்கள் காப்பாற்றிய ஆட்களுக்கே தாங்கள் யாரால் காப்பாற்றப்பட்டோம் என்று தெரியாது. அதை அறிந்தும் இந்தத் தொழிலுக்கு வர மனம் இருக்கிறதா என்பதை முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்ட அமைப்பைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று புரியும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி தேசிய ஆணையத்துக்குப் பிரதமரும், மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையிடம் இருக்கிறது. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070, மாவட்டத்துக்கு 1077. ஆகவே கிராம நிர்வாக அலுவலர் முதல் துணை ஆட்சியர் வரை வருவாய்த் துறையில் சேரும் ஒவ்வொருவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பேரிடர் அலுவலர்தான். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதி, இரண்டாம் தொகுதி, முதல் தொகுதித் தேர்வுகள் இதற்கான வாசல்கள். எங்கள் காலத்தில் பேரிடர் பிரிவுக்கு மாற்றல் வந்தால் தண்டனை போல நினைத்தவர்கள் உண்டு. விரும்பிக் கேட்டுப் போனவர்கள் மிகச் சிலர். விருப்பத்தோடு வரும் ஓர் இளைய அலுவலர் அந்தப் பிரிவில் என்னென்ன செய்ய முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையில் நேரடியாகச் சேர முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். முடியாது. அப்படைக்கு ஆட்கள் எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய சேமக் காவல் படை போன்ற மத்திய ஆயுதப் படைகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுப்பப்படுகிறார்கள். அரக்கோணத்தில் இருக்கும் நான்காம் பட்டாலியனும் அப்படி அமைந்ததே. எனவே அந்தக் கனவு இருந்தால் முதலில் அந்தப் படைகளில் ஒன்றுக்கான தேர்வை எழுத வேண்டும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு வழி வேறு. தீயணைப்பாளரையும் நிலைய அலுவலரையும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. மாவட்ட அலுவலர் பதவி முதல் தொகுதித் தேர்வின் வழி வருகிறது. தீயியலைப் பொறியியலாகவே படிக்க விரும்பினால் நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது, ஆனால் அது பள்ளிப் படிப்பு முடித்தவுடன் எடுக்க வேண்டிய முடிவு. 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் சேவையில் அவசரகால மருத்துவ உதவியாளராகச் சேர்வது இன்னொரு வழி. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் ஓராண்டு அந்த வண்டியில் இருந்தவர் பதற்றத்தில் கைநடுங்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதைப் போல எந்த வகுப்பறையும் கற்றுத் தராது.

இனி உங்களுக்கென்றே சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நீங்கள் வேதியியல் படிக்கிறீர்கள், நீங்கள் இருப்பது ஈரோடு மாவட்டம். பெருந்துறை சிப்காட், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், மேட்டூர் இரசாயன ஆலைகள், கோவை வார்ப்படப் பட்டறைகள், அம்மோனியா நிரப்பிய குளிர்பதனக் கிடங்குகள் எல்லாம் உங்களைச் சுற்றி இருக்கின்றன. 1984-இல் போபாலில் நடந்த நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகு, ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகள் ஆலைக்குள் ஒரு நெருக்கடிகாலத் திட்டமும், ஆலைக்கு வெளியே இருக்கும் மக்களுக்காக மாவட்ட நிர்வாகம் ஒரு திட்டமும் வைத்திருக்க வேண்டும் என்றும், அவற்றை ஒத்திகை பார்க்க வேண்டும் என்றும் விதிகள் வந்தன. பெரிய ஆலைகள் பாதுகாப்பு அலுவலரை அமர்த்தவும் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. என் கணிப்பில், கொங்கு நாட்டில் பேரிடர் ஆயத்தத்தை நம்பி ஒரு குடும்பம் பிழைக்கக்கூடிய வேலைகள் அதிகம் இருப்பது அரசு அலுவலகத்தில் இல்லை, இந்த ஆலைகளில்தான்.

சாயக் கழிவுத் தொட்டியை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பல நாள் தேங்கிய கசடில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். செறிவு கூடும்போது அந்த நாற்றத்தை உணரும் திறனையே அது மூக்கிலிருந்து பறித்துவிடும் என்பது நம் தொழிலாளர்கள் பலருக்குத் தெரியாது. “நாத்தம் நின்னு போச்சுங்க, இனி எறங்கலாம்” என்று ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கிறார். மூன்றாமவரும் குதிக்கிறார். இப்படிப்பட்ட விபத்துகளில் முதலில் இறங்கியவரைவிடக் காப்பாற்றப் போனவர்களே கூடுதலாக இறப்பதுண்டு. அவர்கள் அண்ணன் தம்பிகளாகவோ ஒரே ஊர்க்காரர்களாகவோ இருப்பார்கள். இறங்கும் முன் வாயுமானியால் சோதிப்பது, காற்றூதி வைப்பது, இறங்குபவரின் இடுப்பில் வார்ப்பட்டையும் தொட்டிக்கு மேலே நிறுத்திய மூன்றுகால் தாங்கியில் கயிறும் மாட்டுவது, வெளியே ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்பது, எது நடந்தாலும் அவர் உள்ளே குதிக்காமல் இருப்பது ஆகியவற்றை ஒரு பட்டறையில் பழக்கமாக்கிவிட்டால், அந்த ஆண்டு அங்கே எத்தனை வீடுகளில் இழவு விழாமல் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். வேதியியல் தெரிந்த ஒருவர் இதைத் தொழிலாளியின் மொழியில் சொல்லும்போது தொழிலாளி காதுகொடுத்துக் கேட்கிறார்.

ஒத்திகை பற்றியும் ஒரு சொல். நான் பயிற்சிக்குப் போன ஒரு நூற்பாலையில், ஆண்டுதோறும் தீ ஒத்திகை நடந்ததற்கான கையெழுத்துகளும் நிழற்படங்களும் கோப்பில் ஒழுங்காக இருந்தன. முன்னறிவிப்பு இல்லாமல் மணியை அடிக்கச் சொன்னேன். இரவுப் பணிப் பெண்கள் பின்பக்க அவசர வழிக்கு ஓடினார்கள்; அதில் பூட்டு தொங்கியது. சாவி காவலாளியிடம், காவலாளி முன்வாசல் தேநீர்க் கடையில். திருட்டுக்குப் பயந்து பூட்டியதாக மேலாளர் சொன்னார். அந்தக் கதவின் முன்னால் நின்றிருந்த பெண்களின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. பயிற்சிதான் என்று தெரிந்தும் அவர்கள் கண்ணில் உண்மையான அச்சம் இருந்தது. மறுநாளே பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளும் கதவு திறந்தால் ஒலிக்கும் மணியும் பொருத்தினார்கள். பாதுகாப்பு அலுவலரின் வேலை அந்தக் கதவை நள்ளிரவில் தள்ளிப் பார்ப்பது.

படிப்புக்கு வருவோம். பேரிடர் மேலாண்மையை மட்டுமே இளநிலையிலிருந்து படிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. செவிலியர், கட்டடப் பொறியாளர், நிலவியலாளர், வேதியியலாளர், வருவாய் அலுவலர் என ஏதாவது ஒரு தொழில் கையில் இருந்து, அதன்மேல் பேரிடர் மேலாண்மையைக் கற்றவருக்குத்தான் நெருக்கடியில் ஒரு வேலை கொடுக்க முடியும். உங்களிடம் அந்த அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. தொழிலகப் பக்கம் போவதானால், சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் மதிப்புள்ளது. அதற்கு முன் ஆலையில் சில ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதால், பட்டம் முடித்தவுடன் தரக்கட்டுப்பாடு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்ற பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிடுவது நல்லது. ஆராய்ச்சி, கொள்கை, தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள் பக்கம் மனம் போனால் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பு சிறந்தது. வேலையில் இருந்துகொண்டே படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பேரிடர் மேலாண்மை முதுநிலைப் பட்டயம் போதும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு மையம் இருக்கிறது. டெல்லியில் இருக்கும் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாப் பயிற்சிகள் தருகிறது. அவற்றில் ஒன்றிரண்டை முடித்துப் பார்த்தால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்பது காசு செலவில்லாமலே தெரிந்துவிடும். அதற்கு மாறாக, பேருந்து நிலையத்துச் சுவரொட்டிகளில் “மூன்றே மாதத்தில் தீ மற்றும் பாதுகாப்புப் பட்டயம், வளைகுடாவில் உறுதியான வேலை” என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பணத்தைக் கட்ட வேண்டாம். தோட்டம் காட்டை அடமானம் வைத்து அப்படிக் கட்டிவிட்டு, அந்தச் சான்றிதழை ஏற்கும் ஆலை ஒன்றுகூட இல்லாமல் என்னிடம் வந்து நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு, ஒரு பெயரைச் சொன்னால் போதும். பிரியா ரவிச்சந்திரன் 2003-இல் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அலுவலராகச் சேர்ந்தார். அப்போது அப்படிச் சேர்ந்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம். 2012 சனவரியில் சென்னை எழிலக வளாகத்துத் தீயை அணைக்கப் போய்ப் பலத்த தீக்காயம் அடைந்தார். குணமாகித் திரும்பவும் பணிக்கு வந்தார். அது களத்தின் உச்சம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இது: வெள்ள முகாமில் தங்கியிருக்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளுமாக இருப்பார்கள். கழிப்பறை எந்தப் பக்கம், விளக்கு எரிகிறதா, மாதவிலக்குத் துணிக்கு என்ன ஏற்பாடு, நிறைமாதப் பெண் யார், கைக்குழந்தைக்குப் பால் எங்கே என்பதையெல்லாம் எந்த ஆண் அலுவலரிடமும் அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் நடத்திய முகாம்களில் மூன்றாம் நாள் வரை எனக்கே தெரியாமல் இருந்த குறைகளை ஓர் இளம் பெண் கிராம நிர்வாக அலுவலர் அரைமணி நேரத்தில் கேட்டறிந்து வந்தார். வீட்டில் இதற்குத் தடை வருமானால், இரவு நேரப் பணி இருக்கும், தீபாவளி அன்று கட்டுப்பாட்டு அறையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பண்டிகைக் காலத்தைப் பார்த்து வருவதில்லை.

எந்தப் பக்கம் போனாலும் கைவசம் இருக்க வேண்டிய சில திறன்கள் உண்டு. முதலாவது எண்களைப் படிப்பது. 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அது அதி கனமழை என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். அது போக வழியில்லாமல் ஒரு மதிலின் பின்னால் மண்ணோடு ஊறி நின்றால் என்ன ஆகும் என்பதை நடூர் காட்டிவிட்டது. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி நீர். இந்தக் கணக்குகள் விரல் நுனியில் இருந்தால், அணையிலிருந்து வரும் ஒரு வரிச் செய்தி உங்களுக்கு ஊர்ப்பெயர்களாக மாறித் தெரியும். இரண்டாவது வரைபடம். கணினியில் கட்டணமின்றிக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வரைபடத்தில் நீலக் கோடாக இருக்கும் பள்ளம் நேரில் மனைப்பிரிவாக மாறியிருப்பதை நடந்து போய்ப் பார்க்காமல் அந்தப் படத்தை நம்பக் கூடாது.

மூன்றாவது திறன் மொழி. இதை யாரும் பாடத்திட்டத்தில் சேர்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். “கரையோரப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று நான் எழுதிய அறிவிப்புகள் எத்தனையோ. ஆற்றங்கரைப் பாட்டிக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. “இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குள்ள மாரியம்மன் கோயில் படி முங்கிரும், பள்ளிக்கூடத்துல சோறும் பாயும் இருக்குது, மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டிருங்க” என்று ஒலிபெருக்கியில் ஊர்க்காரர் ஒருவரை விட்டுச் சொல்ல வைத்தபோதுதான் ஆட்கள் எழுந்தார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு, என்ன செய்வது, மாட்டுக்கு என்ன வழி என்ற ஐந்தும் இல்லாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல. திருப்பூரிலும் பெருந்துறையிலும் இன்னொரு சுமை கூடுகிறது: ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்து, ஓடையோரத் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்குத் தமிழ் அறிவிப்பு எட்டுவதில்லை. இந்தியிலோ ஒடியாவிலோ நாலு வாக்கியம் பேசத் தெரிந்த பேரிடர் அலுவலர் கொங்கு நாட்டில் பத்து படகுக்குச் சமம். நல்ல எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் வால்பாறைக்குப் போய் வாருங்கள்: யானைக் கூட்டம் அருகில் இருந்தால் தோட்டத் தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது, கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்கு மேட்டில் எரிகிறது. எழுத்தறியாதவருக்கும் அந்த விளக்கு புரியும்.

வருமானத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. அரசு நிலைப் பணியில் மற்ற துறைகளுக்கு உள்ள ஊதியமே இங்கும். மாவட்டத் திட்டங்களில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்படுவோருக்கு நிச்சயமின்மை இருக்கிறது, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆலைப் பாதுகாப்பு அலுவலருக்குத் தொடக்கத்தில் குறைவாகவும், பட்டயமும் பத்தாண்டு அனுபவமும் சேர்ந்த பிறகு நன்றாகவும் கிடைக்கும். பணத்தைவிடக் கடினமானது மனச்சுமை. அடுக்கி வைத்த உடல்களின் பக்கத்தில் நின்று, பெயரைக் கேட்டுப் பட்டியல் எழுத வேண்டிய நாள் இத்துறையில் வரும், எனக்கு வந்தது. வீட்டில் யாரிடமாவது அதைப் பேசிவிட வேண்டும் என்பதை நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். அப்படி ஒரு நாளுக்குப் பிறகு இரண்டு நாள் விடுப்புக் கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை.

தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் இந்த மாதமே தொடங்கக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கொடிவேரி அணைக்குக் கீழே உங்கள் ஊர்க் கரையில் ஒரு கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் எத்தனை வீடு, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர், எங்கே மாட்டுப் பட்டி, எந்த மதில் வயிறு தள்ளி நிற்கிறது, டிராக்டரும் பரிசலும் யாரிடம், மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கேட்ட நாளையும் குறியுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன் ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். முதல் நடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வெள்ளத்தில் தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் ஏறியது, எந்த வீதியில் முதலில் புகுந்தது, அன்று யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். அவர் கை காட்டும் இடத்தில் வண்ணத்தால் ஒரு கோடு போட்டுவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் அவர் சொல்கிறபடியே ஆண்டையும் கல்லையும் எழுதிக்கொள்ளுங்கள்.